கும்பிட முடியாத கைகள்

கை மூட்டு வலி என்று வருபவர்களை நான் முதலில் கும்பிடச் சொல்வேன். இரண்டு உள்ளங்கையும் விரல் நுனிவரை ஒட்ட வேண்டும். போன வருடம் ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு ஒட்டவில்லை. நடுவே ஒரு கோழிமுட்டை நுழையும் அளவு இடைவெளி.

ஐஸில் கிடக்கும் கணவாயையும் நண்டையும் தரம் பிரிப்பது அவர் வேலை. ஐஸில் கை வைத்தால் விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், அப்புறம் நீலம் பாயும், கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்து குத்தும். "ஐஸ் வேலைன்னா எல்லாருக்கும் மரத்துத்தான போகும், டாக்டரம்மா" என்றார். மரத்துப் போவது எல்லாருக்கும் உண்டு. கோடு போட்டது மாதிரி விரல் பாதிவரை வெளுப்பது எல்லாருக்கும் வராது.

ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்பதால் முடக்குவாதம் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். விரலின் முதுகுப்பக்கத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளவே வரவில்லை. இரண்டு கையிலும் விரல்முட்டியைத் தாண்டி மணிக்கட்டுவரை தோல் இறுகியிருந்தது. 2013-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் இந்த ஓர் அடையாளமே போதும். இது சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ். தோல் இறுக்க நோய் என்கிறோம். ஆனால் தோலோடு நிற்காது. நுரையீரல், குடல், சிறுநீரகம், மூட்டு என்று எங்கும் போகும். ஆர்.ஏ. ஃபேக்டர் இந்த நோயிலும் பலருக்கு பாசிட்டிவாக வரும். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாசிட்டிவ்.

விரல் மடங்கி நிற்க இரண்டு காரணம். ஒன்று, மூட்டுக்குள் அழற்சி. இன்னொன்று, மேலே தோலும் உள்ளே தசைநாரும் சுருங்கி விரலை இழுத்துப் பிடிப்பது. மணிக்கட்டிலோ கணுக்காலிலோ என் உள்ளங்கையை வைத்து அசைக்கச் சொன்னால், சிலருக்குப் புதுத் தோல்செருப்பு முனகுவது மாதிரி ஓர் உராய்வு தட்டுப்படும். அது இருந்தால் நோய் வேகமாகப் பரவும் வகை என்று நான் உஷாராகிவிடுவேன். சிறுநீரகத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன்.

என்னைக் கலங்க வைப்பது இந்த இடம்தான். அந்த அக்கா பல மாதமாக மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டு வந்தார். 'போட்டா வலி பறந்துடும்.' ஸ்டீராய்டு அது. இந்த நோயில் தினமும் 15 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தால், பிரஷர் திடீரென ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது. தலைவலி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கேப்டோப்ரில் வகை பிரஷர் மருந்தை உடனே தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழி உண்டு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி பிரஷர் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.

மூட்டு அழற்சிக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் தருகிறோம். மூச்சுப் பரிசோதனையும் நெஞ்சு சி.டி. ஸ்கேனும் ஆரம்பத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. கைக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து விரலை மேசைமேல் விரிப்பது, முஷ்டி மடக்குவது, கும்பிடுவது என்று காலையும் மாலையும் செய்ய வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், ரத்த ஓட்டம் குறைந்த விரல் சீக்கிரம் புண்ணாகும். வாடைக்காற்றில் கையை மட்டுமல்ல, உடம்பு முழுக்கப் போர்த்துங்கள். வெற்றிலையோடு சேரும் புகையிலையை விட்டேதான் ஆக வேண்டும். அது ரத்தக்குழாயைச் சுருக்கும்.

அந்த அக்கா இப்போது ஐஸ் வேலையை விட்டுக் கருவாடு காயப்போடப் போகிறார். நடுவிரலும் மோதிர விரலும் இன்னும் முழுசாக நிமிரவில்லை. சோறு பிசைந்து தானே சாப்பிடுகிறாராம். போன தடவை வந்தபோது நான் கேட்காமலேயே கும்பிட்டுக் காட்டினார். இடைவெளியில் என் சுண்டுவிரல்தான் நுழைந்தது.