போர்ஸ்கோப்: தமிழில் துளைநோக்கி

பெயரைக் கேட்டதும் ஏதோ ராணுவக் கருவி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் போருக்கும் யுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. என்ஜினைப் பிரிக்காமலேயே அதன் சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க உதவும் மெல்லிய கேமராக் குழாயின் பெயர்தான் போர்ஸ்கோப். ரேஸ் கார் அணிகள் இதைக் கையில் வைத்துக்கொண்டேதான் அலைகின்றன.

சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டு. முதல் துண்டு, துளையிடுவதைக் குறிக்கும் ‘போரியன்’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பட்டறையில் ‘ரீபோர் பண்ணணும்’ என்று சொல்கிறார்களே, அந்தப் போர்தான் இது, அதாவது சிலிண்டரின் உட்துளை. தண்ணீருக்குப் போடும் போரும் இதன் உடன்பிறப்பே. இரண்டாவது துண்டு கிரேக்கம்: ‘ஸ்கொபெயின்’ என்றால் உற்றுப் பார்ப்பது, ஆராய்வது. டெலஸ்கோப், மைக்ராஸ்கோப் எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவை.

கார்களுக்காகப் பிறந்த கருவி அல்ல இது. 1921-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிராம்ப்டன் என்பவர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக இதைச் செய்து கொடுத்தார். டர்பைனில் சுழலும் பாகமான ரோட்டாரின் நடுவே ஓடும் துளைக்குள் குறை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. அப்புறம் பீரங்கிக் குழல்களுக்குள்ளும் புகுந்தது. (அங்கே மட்டும் இரண்டு போரும் ஒன்று சேர்ந்துகொண்டன.) அந்தக் காலத்துக் கருவி வளையாத குழாய், வில்லைகளை வரிசையாகக் கோத்து உருவாக்கியது. 1954-இல் ஹெரால்டு ஹாப்கின்ஸும் நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டிய பிறகு, வளைந்து போகும் கருவிகளுக்கு வழி பிறந்தது. இன்றைய கருவியின் நுனியிலேயே கேமராச் சில்லும் எல்இடி விளக்கும் இருக்கும். கைப்பிடியில் உள்ள குச்சியைத் திருகினால் நுனி அந்தப் பக்கம் தலை திருப்பும். இன்னும் உயர்ந்த ரகங்கள் கீறலின் நீள ஆழத்தையும் அளந்து சொல்லிவிடும்.

ரேஸில் இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஃபார்முலா 1-இல் ஒரு சீசனுக்கு இத்தனை என்ஜின்தான் என்று கணக்கு இருக்கிறது. ஒரே என்ஜின் பல பந்தயங்கள் ஓடியாக வேண்டும். முத்திரையிட்ட என்ஜினை நினைத்தபோது திறந்து பார்க்கவும் முடியாது. தகுதிச் சுற்றுக்குப் பிறகு காரில் பெரிதாக எதையும் மாற்றக் கூடாது என்ற ‘பார்க் ஃபெர்மே’ கட்டுப்பாட்டிலும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்ஜினின் உட்புறத்தைச் சோதிக்கலாம், சிலிண்டர் கம்ப்ரஷன் பார்க்கலாம் என்று விதியே இடம் கொடுத்தது. அந்த பிளக் துளைதான் வாசல். அதன் வழியே நுழைந்தால் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் அறை.

உள்ளே என்ன தெரியும்? சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (சுவரைத் தேய்த்துச் சீராக்கும்போது வேண்டுமென்றே விடும் நுண்கோடுகள்) குறுக்கும் மறுக்குமாகத் தெளிவாகத் தெரிந்தால் நிம்மதி. பிஸ்டன் போய்வரும் திசையிலேயே நெடுங்கீறல் விழுந்திருந்தால் எண்ணெய்ப் படலம் எங்கோ கைவிட்டிருக்கிறது. பிஸ்டன் தலையின் விளிம்பு மணல் வாரி அடித்ததுபோல் பொரிந்து கிடந்தால், எரிபொருள் கலவை தன்னிச்சையாக வெடித்திருக்கிறது என்று பொருள். பிஸ்டன் மேல் பிறை வடிவத் தழும்பு இருந்தால் வால்வு அதை முட்டியிருக்கிறது.

இவற்றைக் கவனிக்காமல் விட்டால் சேதம் என்ஜினோடு போகாது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்து, அந்தத் தண்டை மூடியிருக்கும் கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால், எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டித் தீப்பிடிக்கலாம். சொந்தப் பின்சக்கரங்களிலேயே பட்டு கார் சுழலலாம். பாதையில் சிந்தினால் பின்னால் வருகிறவர்களும் சறுக்குவார்கள். அதனால்தான் இது செலவு மிச்சம் பிடிக்கும் கருவி மட்டுமல்ல, பாதுகாப்புக் கருவியும்கூட. ஆனால் எல்லாவற்றுக்கும் இதையே நம்ப முடியாது. கிராங்க் பேரிங்குகள் இதன் பார்வைக்கு எட்டாது. அதற்கு எண்ணெய் மாதிரி எடுத்து, அதில் எந்த உலோகத்தின் துகள் கூடியிருக்கிறது என்று நிறமாலைமானியில் பார்ப்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உள்நோக்கி’ என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எண்டோஸ்கோப் என்ற மருத்துவக் கருவிக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. உள்நோக்கம் என்ற சொல்லின் வாடையும் கொஞ்சம் அடிக்கிறது. போதாக்குறைக்கு, புணர்ச்சி விதிப்படி எழுதினால் ‘உண்ணோக்கி’ ஆகிவிடும். படிக்கிறவர் சாப்பாட்டுச் சமாசாரம் என்று நினைப்பார். ‘குழல்நோக்கி’ பீரங்கிக்குச் சரி, என்ஜினுக்குப் பொருந்தாது.

துளைநோக்கிதான் என் தேர்வு. ஆழ்துளைக் கிணறு என்ற சொல்லில் போருக்குத் துளை என்பது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஸ்கோப்புக்கு நோக்கி என்பதைத் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் பழக்கிவிட்டன. பார்க்கப்படுவதும் துளை, பார்க்கும் வழியும் துளை என்பதால் இரண்டுக்கும் இந்த ஒரு சொல்லே போதும். கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வரும்: காணொளித் துளைநோக்கி, வளைதுளைநோக்கி, துளைநோக்கிச் சோதனை. சிலர் ‘துளைமானி’ என்றும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. மானி என்பது அளக்கும் கருவிக்கு உரியது. துளையின் விட்டத்தை அளக்கும் போர்கேஜுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.