2006-ல் பதிந்த பாட்டு 1920-களில் பதிந்ததுபோல் கேட்பது எப்படி?

அமெரிக்கப் பாப் பாடகி கிறிஸ்டினா அகிலேராவின் ‘ஐ காட் ட்ரபிள்’ பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பாட்டோடு கூடவே இசைத்தட்டின் கரகரப்பும் வரும். குரல் ஏதோ தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பரணில் கிடந்த கிராமபோன் தட்டு ஒன்றைத் துடைத்து ஓடவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அந்தப் பாட்டு வெளிவந்தது 2006 ஆகஸ்டில், ‘பேக் டு பேசிக்ஸ்’ என்ற இரட்டைத் தட்டு ஆல்பத்தில். 1920, 30, 40-களின் ஜாஸ், புளூஸ், அப்புறம் சோல் இசை, இவற்றை இன்றைய பாப் இசைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அகிலேராவின் ஆசை. முதல் தட்டில் டிஜே பிரீமியர் போன்ற ஹிப்-ஹாப்காரர்கள் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்துப் பாட்டுக் கட்டினார்கள். இரண்டாவது தட்டுக்குத் தயாரிப்பாளர் லிண்டா பெர்ரி ஆட்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பதிந்தார். ஒரே ஆல்பத்துக்குள் பழமையை உண்டாக்க இரண்டு வழிகள். அதனால்தான் ஒலியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் காது ‘பழசு’ என்று அடையாளம் காண்பதில் பெரும்பங்கு, அந்தக் காலக் கருவிகளால் செய்ய முடியாமல் போனவற்றின் தடயம்தான்.

1925-க்கு முன்னால் ஒலிப்பதிவில் மின்சாரம் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். கூம்பின் மறுமுனையில் ஒரு மெல்லிய தகடு. அது அதிர, அதோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஊசியை அசைக்கும் சக்தி முழுக்கப் பாடுகிறவரின் மூச்சுக்காற்றிலிருந்தே வந்தாக வேண்டும். அதனால் உரத்த ஒலிதான் பதியும். ஒலி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் இருப்பவை பெரும்பாலும் காணாமல் போய்விடும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் டிரம்ஸ் வாசிப்பவர் பல சமயம் மரக்கட்டையைத் தட்டினார். டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியின் இடத்தை டியூபா என்ற ஊதுகருவி பிடித்தது. 1923-ல் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு பதிவு செய்தபோது, அதில் இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரைத் தள்ளிப்போய் நிற்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. இன்று மிக்சிங் பலகையில் செய்கிற வேலையை அன்று கால்கள் செய்தன.

1925-ல் மைக்கும் மின்பெருக்கியும் வந்தன. அகலம் சட்டென்று விரிந்தது: தோராயமாக 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. இந்த மாற்றத்தைக் காதால் உணர வேண்டும் என்றால் புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தைக் கேளுங்கள். 1923-ல் பதிவுகளைத் தொடங்கியவர், மின்பதிவுக் காலத்திலும் பாடினார். முதல் பதிவுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அதே பெண், பிந்தையவற்றில் நம் எதிரே வந்து நிற்கிறார்.

‘ஐ காட் ட்ரபிள்’ பழைய பதிவுகளின் இந்தக் குறுகிய அதிர்வெண் ஜன்னலைத்தான் திரும்பச் செய்து காட்டுகிறது. அடியையும் மேலையும் வடிகட்டி எறிந்துவிட்டால் குரல் தொண்ணூறு வயது கூடிவிடுகிறது. ஆனால் ஒரு கேள்வி எழ வேண்டும். கீழ் அதிர்வெண்களையே வெட்டிவிட்டால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, எப்படிக் கேட்கிறது? பழைய டெலிபோன் இணைப்பும் இப்படித்தான், சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஓர் ஆணின் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் பக்கம். அதாவது போனில் அது வருவதே இல்லை. ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தான் கேட்கிறது. காரணம், 300, 400, 500 என்று அதன் மேற்சுரங்கள், அதாவது அடிப்படையின் மடங்குகளாகக் கூடவே ஒலிப்பவை, வந்துவிடுகின்றன. இடைவெளி நூறு நூறாக இருப்பதைப் பார்த்து, மூலம் 100 என்று மூளையே கணக்குப் போட்டு, இல்லாத சுரத்தைக் கேட்கவைக்கிறது. பழைய தட்டுகளில் நாம் கேட்கும் பேஸில் ஒரு பங்கு நம் தலைக்குள்ளேயே உண்டாவது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

சரி, சோல் இசையின் காலத்துக்கு வருவோம். 1960-களில் தகரக் குழாய் ஒலி போய்விட்டது. ஆனாலும் அந்தப் பாட்டுகளில் ஒரு கதகதப்பு இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? காந்த நாடாவிலிருந்தும், பழைய மின்பெருக்கிகளில் இருந்த கண்ணாடிக் குழல்களான வால்வுகளிலிருந்தும்.

நாடாவில் பூசியிருப்பது இரும்பு ஆக்சைடு துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஒலி வலுக்க வலுக்க, அதற்கேற்ப அதிகத் துகள்கள் ஒரே திசையில் திரும்பும். ஓர் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால், திரும்புவதற்குத் துகள்கள் மிச்சம் இருக்காது. அப்போது அலையின் உச்சி மேலே போக முடியாமல் மெல்ல மழுங்குகிறது. அலையின் வடிவம் மாறினால் புதிய மேற்சுரங்கள் பிறந்தே ஆக வேண்டும். நாடாவில் முக்கியமாகப் பிறப்பது மூன்று மடங்கு அதிர்வெண். வால்வு மின்பெருக்கிகளில், அவற்றின் அமைப்பைப் பொறுத்து, இரு மடங்கு அதிர்வெண்ணும் தாராளமாக வரும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: ஸட்ஜத்தைப் பதிந்தால், அதன் இரு மடங்கு மேல் ஸட்ஜம், மூன்று மடங்கு மேல் பஞ்சமம். தம்புரா மீட்டும்போது கேட்பதும் இந்த உறவைத்தான். பிழையாகப் பிறந்தவை என்றாலும், பாட்டோடு சுருதி சேர்ந்த பிழைகள். டிஜிட்டலில் எல்லை மீறினால் அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். அந்தக் கூர்மையான முனைகளிலிருந்து பிறக்கும் உயர் மேற்சுரங்கள் காதைக் குத்தும். வால்வு ரேடியோவின் ஒலியை வயதானவர்கள் இன்றும் நினைத்து ஏங்குவது வெறும் நினைவின் மயக்கம் அல்ல, பௌதிகமும் அதில் இருக்கிறது.

இப்போது டிஜே பிரீமியரின் வழி. அவர் கைக்குரிய கருவிகள் அகாய் நிறுவனத்தின் எம்பிசி60-ம் எஸ்950-ம். ஒலித்துண்டுகளைப் பதிந்து, வேண்டியபடி திரும்ப ஒலிக்கவைப்பவை இவை. இரண்டும் 12 பிட் கருவிகள். ஒலியின் உயரத்தை 4,096 படிகளில் மட்டுமே அளக்கும். சிடியில் 65,536 படிகள். படிகள் குறைந்தால் ஒலியில் நுண்ணிய மணல்தன்மை ஏறும், டிரம்ஸ் துண்டுகளுக்கு அது ஒரு முறுக்கைக் கொடுக்கும். பழைய தட்டிலிருந்து எடுத்த துண்டை வேகமாக ஓட்டினால் சுருதியும் கூடவே ஏறும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத் தட்டை 45-ல் ஓடவிட்டால் ஏறக்குறைய ஐந்து ஸ்வரஸ்தானங்கள் மேலே போய்விடும்.

ஆனால் இந்த வழியின் உண்மையான பலம் வேறொன்றில் இருப்பதாக நினைக்கிறேன். ஒரு துண்டை வெட்டும்போது டிரம்பெட்டின் சுரம் மட்டும் வருவதில்லை. அது ஒலித்த அறையின் எதிரொலி, அந்த மைக்கின் குணம், நாடாவின் மழுங்கல், ஊசியின் தேய்மானம், எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒரு பிடி பழைய காற்றையே வெட்டியெடுத்த மாதிரி.

அறை என்றதும் அதே ஆண்டு வந்த இன்னொரு ஆல்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரிட்டிஷ் பாடகி எமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’. அதன் பல பாட்டுகளுக்குத் தயாரிப்பாளர் மார்க் ரான்சன், நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள டாப்டோன் ஸ்டூடியோவில் டாப்-கிங்ஸ் குழுவை வாசிக்கவைத்தார். சிறிய இடம், நாடாப் பதிவு, டிரம்ஸும் கிட்டாரும் பியானோவும் பக்கத்தில் பக்கத்தில். டிரம்ஸ் ஒலி பியானோ மைக்கிலும் கசியும். நவீன ஸ்டூடியோவில் இந்தக் கசிவைத் தவிர்க்கக் கண்ணாடித் தடுப்புகள் வைப்பார்கள். இங்கே அதுதான் வேண்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு டிரம்ஸ் அடி சுமார் 9 மில்லிவினாடி தாமதமாகச் சேரும். 30 மில்லிவினாடிக்குள் வருகிற இத்தகைய மறு ஒலியைக் காது தனி எதிரொலியாகப் பிரிக்காது, முதல் ஒலியோடு சேர்த்துத் தடிமனாக்கிக்கொள்ளும். ‘எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள்’ என்ற உணர்வைத் தருவது இந்தச் சின்னஞ்சிறு தாமதங்கள்தான். எமி மட்டும் அந்த அறையில் இல்லை. தன் குரலை லண்டனில் பதிந்தார்.

அகிலேராவின் ‘கேண்டிமேன்’ 1940-களில் கூட்டாகப் பாடிய ஆண்ட்ரூஸ் சகோதரிகளை மனத்தில் வைத்துச் செய்தது. சகோதரிகள் மூவரின் குரலும் நெருங்கி இழைந்ததற்கு ஒரே குடும்பத்துத் தொண்டைகள் என்பதும் ஒரு காரணம். இங்கே மூன்று குரல்களையும் அகிலேராவே ஒன்றன் மேல் ஒன்றாகப் பாடினார். ஒரே தொண்டை என்றாலும் இரண்டு தடவை அச்சாக அப்படியே பாட யாராலும் முடியாது. ஒரே சுரம் ஒரு தடவை 440 ஹெர்ட்ஸிலும் மறு தடவை 442-லும் விழுந்தால், இரண்டும் சேரும்போது ஒலி வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அந்த மெல்லிய அலைவுதான் கூட்டுப்பாட்டின் மினுமினுப்பு. கணினியில் பிரதியெடுத்து ஒட்டினால் இது வராது, சத்தம் மட்டும் கூடும்.

இனி கருவிகளை விட்டுத் தொண்டைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புளூஸில் ‘நீலச் சுரம்’ என்று ஒன்று உண்டு. நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத இடத்தில், குரல் வழுக்கி நிற்கும். அப்புறம் அந்த உறுமல். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் புளூஸ், சோல் பாடகி எட்டா ஜேம்ஸும் செய்தது, அகிலேரா வாரி வழங்குவது. குரல் நாண்கள் வினாடிக்கு 440 முறை அதிரும்போது, அவற்றுக்கு மேலே உள்ள, சாதாரணமாகச் சும்மா இருக்கும் பொய்க் குரல் நாண்கள் போன்ற திசுக்களும் சேர்ந்து அதிரத் தொடங்கும். ஆனால் அதே வேகத்தில் அல்ல, பெரும்பாலும் பாதி வேகத்தில். அதனால் ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு வேறுமாதிரி வெளியே வரும். பாடும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, 220 ஹெர்ட்ஸில், ஒரு சொரசொரப்பு உண்டாகும். வால்வும் நாடாவும் அலையைக் கெடுத்து மேலே சுரங்களைச் சேர்க்கின்றன. உறுமலோ சுரத்துக்குக் கீழேயும் ஒன்றைச் சேர்க்கிறது, அதுவும் சதையால்.

எட்டா ஜேம்ஸை அகிலேரா சிறுவயதிலிருந்தே கொண்டாடியவர். 2012 ஜனவரியில் எட்டா ஜேம்ஸ் இறந்தபோது, கலிஃபோர்னியாவில் நடந்த இறுதிச் சடங்கில் ‘அட் லாஸ்ட்’ பாடியது அகிலேராதான். கரகரப்பு சேர்க்கும் கருவி எதுவும் அங்கே இல்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினார்.