இடைத்தேர்தல்: எதற்கு இடையில்?

2021 ஏப்ரல் 6. கன்னியாகுமரி மாவட்டத்து வாக்குச்சாவடிகளில் அன்று வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. கொரோனா காலம் என்பதால் வலது கைக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். உறை மாட்டிய அதே விரலால் சட்டமன்றத்துக்கு ஒரு பொத்தான், நாடாளுமன்றத்துக்கு ஒரு பொத்தான். முதலாவது பொதுத்தேர்தல், இரண்டாவது இடைத்தேர்தல். ஒரே நாள், ஒரே வரிசை, ஒரே மை. இதில் ‘இடை’ எங்கே வந்தது?

அதே மாவட்டத்து விளவங்கோடு சட்டமன்றத் தொகுதிக்காரர்களுக்கு இன்னும் வேடிக்கை. 2024 ஏப்ரல் 19 அன்று அவர்களுக்கு மறுபடியும் இரண்டு ஓட்டு. இந்த முறை தலைகீழ்: நாடாளுமன்றத்துக்குப் பொதுத்தேர்தல், சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தல்.

டீக்கடைப் பேச்சில் இதற்குப் பெயர் ‘பை எலெக்‌ஷன்’. அந்த ‘பை’ நமக்குப் பழகியதுதான், பைபாஸ் ரோட்டில் இருக்கும் அதே ‘பை’. பக்கவாட்டில் போவது, முதன்மையானதை ஒட்டிக் கிளைப்பது என்று பொருள். சங்கங்களின் உள்விதிகளைச் சொல்லும் ‘பைலா’வில் இருப்பது வேறு குடும்பத்து ‘பை’ என்பார்கள்; பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் ஊரைக் குறித்த சொல்லோடு அதைச் சேர்ப்பது வழக்கம். ஆக, ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘கிளைத்தேர்தல்’ என்றுதான் வரும்.

அந்தப் பொருளுக்கு வடமொழியில் தயாராக ஒரு முன்னொட்டு இருந்தது: உப. மலையாளத்தில் உபதெரஞ்ஞெடுப்பு, தெலுங்கில் உப எந்நிக, இந்தியில் உபசுனாவ். தமிழிலும் ‘உபதேர்தல்’ என்று எழுதிய காலம் உண்டு. பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் கண்ணில் படும். உபநதி, உபகதை, உபதேர்தல். எல்லாமே பெரியதன் பக்கத்தில் நிற்கும் சின்னது.

தமிழ் பிறகு வேறு பக்கம் திரும்பியது. ‘உப’வுக்கு நேராக ‘துணைத்தேர்தல்’ என்று மாற்றியிருக்கலாம், துணைவேந்தர் போல. அது நிலைக்கவில்லை. நிலைத்தது ‘இடைத்தேர்தல்’. ஆங்கிலமும் வடமொழியும் இந்தத் தேர்தலின் அந்தஸ்தைப் பார்த்தன, தமிழ் அது நடக்கும் காலத்தைப் பார்த்தது. எனக்கு இது மொழிபெயர்ப்பாகவே தெரியவில்லை. காரியத்தைப் பார்த்து வைத்த புதுப் பெயர்.

இடை என்றால் நடு. உடம்பின் நடுவும் இடைதான். இடைவெளி, இடைவேளை, இடைச்செருகல் எல்லாம் இதன் பிள்ளைகள். தேர்தலில் இருப்பது ‘தேர்’ என்ற வினை. இதற்கு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. ‘தேறற்க யாரையும் தேராது’ என்று குறள் சொல்வது, ஆராயாமல் யாரையும் நம்பாதே என்பதைத்தான். தேர்வு எழுதும் பிள்ளைக்கும் தேர்தலில் நிற்கும் வேட்பாளருக்கும் வேர் ஒன்று.

சரி, எதற்கு இடையில்? இரண்டு பொதுத்தேர்தல்களுக்கு இடையில் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு அவையின் ஆயுளுக்கு இடையில் என்பதே துல்லியம். 2021-ல் சட்டமன்றம் புதிதாகப் பிறக்க இருந்தது, மக்களவையோ பாதி வயதில் இருந்தது. அதனால்தான் ஒரே சாவடியில் ஒரு பொத்தான் பொது, இன்னொன்று இடை. இடைத்தேர்தலில் ஜெயித்தவருக்கு முழு ஐந்தாண்டு கிடைப்பதில்லை. அவையின் மிச்ச ஆயுள்தான் அவருடைய பதவிக்காலம்.

இந்தச் சொல்லை அதன் சொந்தக்காரர்களோடு சேர்த்துப் பார்க்க நாகர்கோவில் தொகுதியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009 தேர்தலிலிருந்து கன்னியாகுமரி என்று அழைக்கப்படுவது இதுதான். 1967 பொதுத்தேர்தலில் இங்கே காங்கிரஸ் சார்பில் வென்றவர் மார்ஷல் நேசமணி. 1968 ஜூனில் அவர் மறைந்தார். விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர் 1969 ஜனவரியில் இங்கே இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். (அவருக்கு இது புதிதல்ல. 1954-ல் முதல்வரானபோது குடியாத்தத்தில் நின்றதும் இடைத்தேர்தல்தான்.) அப்புறம் இந்திரா காந்தி ஓராண்டுக்கு மேல் ஆயுள் மிச்சமிருந்த மக்களவையைக் கலைக்க, 1971 மார்ச்சில் மறுபடியும் தேர்தல். காங்கிரஸ் பிளவுபட்ட பின் காமராஜர் இருந்த அணி ஸ்தாபன காங்கிரஸ். தமிழ்நாட்டில் அதற்கு அந்த முறை கிடைத்த ஒரே மக்களவைத் தொகுதி, அவர் நின்ற நாகர்கோவில்.

1971-ல் நடந்தது இடைத்தேர்தல் அல்ல, இடைக்காலத் தேர்தல். ஒரு நாற்காலி காலியானால் அந்தத் தொகுதியில் மட்டும் நடப்பது இடைத்தேர்தல். அவையே கலைந்து, எல்லாத் தொகுதிக்கும் காலத்துக்கு முன்பே நடப்பது இடைக்காலத் தேர்தல். ‘காலம்’ என்ற மூன்றெழுத்தை விட்டால் பொருள் தலைகீழாகிவிடும், செய்தி எழுதுகிறவர்களே விட்டுவிடுகிறார்கள். இன்னொரு குழப்பம் வேலூர். 2019-ல் மற்ற இடங்களோடு நடந்திருக்க வேண்டிய மக்களவைத் தேர்தல் அங்கே ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் நடந்தது. அதையும் இடைத்தேர்தல் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அவைக்கு அங்கே யாரும் தேர்வாகவே இல்லையே, நாற்காலி எப்படிக் காலியாகும்? அது தள்ளிப்போன பொதுத்தேர்தல்.

காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார். நெருக்கடி நிலைக் காலம். நாகர்கோவிலில் இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1977 பொதுத்தேர்தலில் குமரி அனந்தன் வெல்லும்வரை தொகுதிக்கு எம்.பி. இல்லை. காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற விதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ பிரிவாக 1996-ல்தான் சேர்ந்தது. மிச்ச ஆயுள் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, அந்தக் கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலோ விலக்கு உண்டு. 2020 ஆகஸ்ட் 28 அன்று இதே தொகுதியின் எம்.பி.யாக இருந்த எச். வசந்தகுமார் கொரோனாவில் இறந்தார். தேர்தல் வர ஏழு மாதம் தாண்டிவிட்டது. 2019-ல் எம்.பி. ஆவதற்காக அவர் விட்டுவந்த நாங்குநேரி சட்டமன்றத் தொகுதியும் ஒரு இடைத்தேர்தலைப் பார்த்தது. 2021-ல் கன்னியாகுமரியில் வென்றவர் அவர் மகன் விஜய் வசந்த்.

எழுதும்போது த் மிகும்: இடைத்தேர்தல். சுவரெழுத்துகளில் ‘இடைதேர்தல்’ என்றும் பார்க்கிறோம். இடைச்செருகலையும் இடைக்காலத்தையும் நினைத்துக்கொண்டால் சந்தேகம் வராது.

இலங்கைத் தமிழிலும் இதே சொல்தான். அங்கே மறக்க முடியாதது காங்கேசன்துறைத் தொகுதி. 1972 அரசியலமைப்பை எதிர்த்து அதன் உறுப்பினரான தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அந்த ஆண்டு அக்டோபரில் பதவி விலகினார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரியில்தான் நடந்தது, அவரே வென்றார். இப்போது அங்கே விகிதாசார முறை. ஒரு மாவட்ட உறுப்பினரின் இடம் காலியானால் அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வந்து உட்காருவார். அதற்காக யாரும் வரிசையில் நிற்பதில்லை.