அது மயக்க மருந்து இல்லை, அவருடைய மாத்திரை

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு எமர்ஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், உங்க பேஷன்ட் போல இருக்கு. பையில உங்க சீட்டு இருக்கு." போய்ப் பார்த்தேன். ஆந்திராவில் பலமநேர் பக்கத்துக்காரர், எட்டு வருஷமாக என்னிடம் வருகிறவர். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிள்ளை பிடிக்கிறவன் என்று கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். இந்த வருஷத்தில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர்.

கூட வந்தவர்களில் ஒருவர் ஆதாரம் என்று ஒன்றை நீட்டினார். பாதி மாத்திரை மிச்சமிருந்த ஓலான்சபின் அட்டை. "மயக்க மருந்து வெச்சிருந்தான் சார்." அவருடைய மனச்சிதைவு நோய்க்கு நான் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. ரெண்டு மாதமாக அதைப் போடவில்லை, அதனால்தான் வீட்டை விட்டுக் கிளம்பி பஸ் ஏறியிருக்கிறார்.

இன்னும் ஆதாரங்கள் இருந்தன. தமிழில் கேட்டார்களாம், தெலுங்கில் கேட்டார்களாம், உருதுவிலும் கேட்டார்களாம் (எங்கள் ஊர் டீக்கடையில் மூன்றும் ஓடும்). பேர் சொல்லவில்லை. அதட்டினால் சிரித்தார். ஒரு குழந்தைக்கு பிஸ்கட் நீட்டினார். மனச்சிதைவு முற்றிய நேரத்தில் காதுக்குள் நாலு குரல் பேசிக்கொண்டிருக்கும். வெளியே முப்பது பேர் சூழ்ந்து கத்தினால் எந்தக் குரலுக்கு அவர் பதில் சொல்வார்? அந்தச் சிரிப்பும் உங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை, நோயில் வருவது. பிஸ்கட்டா? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு நீங்கள் நீட்டியதே இல்லையா?

அப்புறம் ஒருவர் போனைக் காட்டினார். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போகும் வீடியோ. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2018-இல் சுற்றிய அதே வீடியோ! பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. கடைசியில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வருஷம் மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு பாட்டி குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

இந்த ஆட்களிடம் பேசினால் எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள். "உண்மையா பொய்யா தெரியாது சார், எதுக்கும் ஒரு எச்சரிக்கைக்கு அனுப்பினேன்." எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தெரியாது என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறீர்கள். அதை வாங்கியவருக்கு உங்கள் 'தெரியாது' போய்ச் சேராது. சித்தப்பா அனுப்பினார், வாத்தியார் அனுப்பினார் என்றுதான் போய்ச் சேரும். அஞ்சு குரூப்பில் அதையே பார்த்தவருக்கு அஞ்சு குழந்தை காணாமல் போன மாதிரி. டி.வி.யும் சும்மா இல்லை. ஒரே சிசிடிவி காட்சியில் சிவப்பு வட்டம் போட்டு, திகில் இசை சேர்த்து, சாயங்காலம் முழுக்க ஓட்டுவார்கள். பயந்த மனசு, பார்த்த தடவையை எண்ணுமே தவிர, நடந்த சம்பவத்தை எண்ணாது. அந்தப் பயத்தோடு வாசலுக்கு வருகிறவர் கண்ணில் அழுக்குச் சட்டையும் தாடியுமாக ஒருத்தர் பட்டால் என்ன ஆகும்? 'நான் அடிக்கலையே' என்கிறீர்கள். முதல் அடி உங்களுடையதுதான்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை அஞ்சு பேருக்கு என்று குறைத்தது. அப்புறம், பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி போட்டது, அதை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றும் ஆக்கியது. அந்த இரட்டை அம்பைப் பார்த்தால் உங்கள் கையோடு நிறுத்துங்கள். பெரிய வேலையா இது?

வழிதவறித் திரியும் ஒருவரைப் பார்த்தால் கூட்டம் சேர்க்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். ஒரே ஒரு ஆள் போய் தண்ணீர் கொடுத்துப் பேசிப் பாருங்கள். சட்டைப் பையைப் பார்க்க வேண்டுமானால் கேட்டுவிட்டுப் பாருங்கள், சீட்டு இருக்கலாம். பிறகு அவசர உதவி எண் 112-க்குக் கூப்பிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயோடு திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தையைப் பற்றி நிஜமாகவே சந்தேகமா? குழந்தைகள் உதவி எண் 1098.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், 'நல்லாத்தான் இருக்கான்' என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். சந்தேகமிருந்தால் 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, கூப்பிடுங்கள், தெலுங்கிலும் பேசுவார்கள்.

மூணாம் நாள் அண்ணன் வந்தார். தம்பி சட்டைக்குள் போன் நம்பரைத் தைத்துவிடச் சொன்னேன். "மனநோய்னு எழுதினா வீட்ல இன்னொரு தங்கச்சி இருக்கா சார், கல்யாணம் ஆகணும்," என்றார். கடைசியில் துணியில் 'உடம்பு சரியில்லாதவர், இந்த நம்பருக்குக் கூப்பிடவும்' என்று தமிழில் நான் எழுத, கீழே தெலுங்கில் நர்ஸம்மா எழுதினார். உருதுவிலும் வேண்டும் என்றார் அண்ணன். அதற்கு எதிர் பார்மசிக்காரரைக் கூப்பிட்டோம்.