லீனியருக்கு எவ்வளவு டிரைவ் கொடுக்கலாம்?

பழுதுபார்க்க என் மேசைக்கு வரும் லீனியர் ஆம்ப்ளிஃபையர்களை (ரேடியோவின் ஒலிபரப்புத் திறனைப் பெருக்கும் பெட்டிகளை) திறந்தால் பெரும்பாலும் வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிக் கிடக்கும். டிரைவ், அதாவது ரேடியோவிலிருந்து அதற்குள் செலுத்தும் திறன், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால், "சாதாரண நான்கு வாட் சிபி ரேடியோதான்" என்பார் கொண்டுவந்தவர். சிபி என்பது 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்கள் பேசும் ரேடியோ. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த நான்கு வாட், மைக் பொத்தானை அழுத்திப் பேசாமல் இருக்கும்போது உள்ள கேரியரின், அதாவது குரலைச் சுமக்கும் அடிப்படை அலையின், அளவு மட்டுமே. பேசத் தொடங்கியதும் ஆம்ப்ளிஃபையருக்குள் நுழைவது அதைவிடப் பெரிய அளவு.

அலையின் உயரத்தைக் குரலுக்கேற்ப மாற்றும் ஏஎம் முறையில் மாடுலேஷன் (அந்த மாற்றத்தின் அளவு) 100 சதவீதத்தைத் தொடும்போது, உச்சத்தில் மின்னழுத்தம் கேரியரின் இரு மடங்காகிறது. திறனோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் நான்கு மடங்காகிறது. ஆக, 4 வாட் கேரியர் பேச்சின் உச்சத்தில் 16 வாட். தோஷிபாவின் 2எஸ்சி2879 டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். 12.5 வோல்ட்டில், 28 மெகாஹெர்ட்ஸில் அதன் உச்ச வெளியீடு 100 வாட் என்றும், பெருக்கம் குறைந்தது 13 டெசிபல், அதாவது ஏறத்தாழ 20 மடங்கு என்றும் அதன் தரவுத்தாள் கூறுகிறது. அப்படியானால் அந்த 100 வாட்டை எட்ட உள்ளீட்டின் உச்சத்தில் 5 வாட் போதும். ஏஎம் கேரியராகச் சொன்னால் 1.25 வாட். நாம் கொடுப்பது அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

மிஞ்சிய டிரைவ் மிஞ்சிய வெளியீடாக மாறுவதில்லை. டிரான்சிஸ்டர் தன் எல்லையைத் தொட்டதும் அலையின் உச்சி தட்டையாகிறது. அந்தத் தட்டையான உச்சிதான் பக்கத்துச் சேனல்களில் இரைச்சலாகத் தெறிக்கிறது; 27 மெகாஹெர்ட்ஸின் ஹார்மோனிக்குகள் (அதன் மடங்கு அதிர்வெண்கள்) 54, 81 மெகாஹெர்ட்ஸிலும் போய் இடையூறு செய்கின்றன. மீட்டர் ஊசி உயர ஆடுவதைப் பார்த்து மகிழ்பவருக்கு இது தெரிவதில்லை, கேட்பவருக்குத்தான் தெரிகிறது.

இங்கே சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சிபி சேவைக்கு ஏஎம்மில் 4 வாட் கேரியர், கேரியரை விட்டுவிட்டு ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும் எஸ்எஸ்பியில் 12 வாட் உச்சத் திறன் என்பதே வரம்பு. வெளி ஆம்ப்ளிஃபையரை இணைப்பதற்கே அங்கு தடை உள்ளது. எனவே நான் எழுதுவது அமெச்சூர் உரிமம் பெற்று, சிபி வகை ரேடியோவைக் கொண்டு 10 மீட்டர் பட்டையில் (28 மெகாஹெர்ட்ஸ் பகுதியில்) இயங்குபவர்களுக்காகவே.

பலர் கேரியரைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சில ரேடியோக்களில், குறிப்பாக மாடுலேஷன் வரம்பைக் கட்டுப்படுத்தும் பகுதியை யாரோ கழற்றிவிட்டவற்றில், கேரியரை 1 வாட்டுக்கு இறக்கினாலும் உச்சம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். சராசரியைக் காட்டும் வாட் மீட்டர் இதைச் சொல்லாது. உச்சத்தைக் காட்டும் மீட்டரோ, அலைவடிவத்தைக் காட்டும் ஆஸிலோஸ்கோப்போ அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நான் நம்பும் சோதனை எளிமையானது. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வெப்பமாக்கும் ரெசிஸ்டரில்) இணைத்து, மிகக் குறைந்த டிரைவில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் டிரைவை இரட்டிப்பாக்குவேன். வெளியீடும் இரட்டிப்பாகும்வரை ஆம்ப்ளிஃபையர் நேர்கோட்டில் உழைக்கிறது. எந்தப் படியில் அது பின்தங்கத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய படிதான் பேச்சின் உச்சத்துக்கான எல்லை. மின் வழங்கியின் மின்னழுத்தத்தையும் அப்போதே கவனிக்க வேண்டும். 100 வாட் வெளியீட்டுக்கு 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கப்படும். மெல்லிய கம்பியில் வோல்ட் சரிந்தால் அந்த எல்லையும் கீழிறங்கிவிடும்.

ரேடியோவிலேயே டிரைவைக் குறைக்க வழியில்லையென்றால், திறனைக் குறைக்கும் ரெசிஸ்டர் அமைப்பான 6 டெசிபல் அட்டனுவேட்டர் 16 வாட் உச்சத்தை 4 வாட்டாக்கும். 50 ஓம் அமைப்பில் இரு பக்கமும் தரைக்கு 150 ஓம், நடுவில் தொடராக 37 ஓம் வைத்தால் போதும். வருகிற திறனில் முக்கால் பங்கு அங்கே வெப்பமாகிறது என்பதால் தாராளமான வாட் அளவுள்ள ரெசிஸ்டர்கள் தேவை. கம்பி சுற்றியவை காயில் போல நடந்துகொள்ளும், அவை வேண்டாம். அட்டனுவேட்டரை ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே கேபிளில் செருகினால், வரும் சமிக்ஞையும் அதே 6 டெசிபலை இழக்கும். ஆகையால் அதை ஆம்ப்ளிஃபையருக்குள், உள்ளீட்டு ரிலேக்குப் பின்னால், ஒலிபரப்பும்போது மட்டும் குறுக்கே வரும்படி வைப்பேன். அங்கே இருந்தால், டிரான்சிஸ்டரின் உள்ளீடு 50 ஓமிலிருந்து விலகியிருந்தாலும் ரேடியோ காணும் எஸ்டபிள்யூஆர் (பொருந்தாமையால் திறன் எவ்வளவு திரும்புகிறது என்பதன் அளவுகோல்) நன்றாகக் குறைகிறது.