கப் கேக்குக்குள் கரைந்துபோன அப்பிள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கப் கேக் செய்திருக்கிறார். மாவில் கறுவா, சாதிக்காய், கராம்பு. நடுவில் அப்பிள் துண்டுகள். மேலே பட்டரும் மாவும் சீனியும் சேர்த்து உதிர்த்த தூவல். ஓவனுக்குள் அழகாகப் பொங்கி வந்திருக்கிறது. ஆறிய பிறகு பிய்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு வெற்றுக் குழி, குழியின் அடியில் களியாகிப்போன அப்பிள், அதற்குக் கீழே ஈரம் ஊறிப் பிசுபிசுத்த கேக். "மா குழைக்கிற நேரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டுப் போனவ. அந்தக் கண்தான் என்று மாமி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். உண்மையில் என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

மாமி மேல் எனக்கு வருத்தம் இல்லை. பேத்தியின் பிறந்தநாள் பலகாரம் பிழைத்துவிட்டதே என்ற ஆற்றாமை அது. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவை நினைத்தால் மனம் கனக்கிறது. கண்ணூறு என்று சொல்லும்போதெல்லாம் ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்குகிறோம். அதிகமும் தனியாக வாழும் பெண்கள், கணவனை இழந்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள். மிளகாய் வெடித்து அடங்கிவிடும். அவர்கள் மேல் விழுந்த பேர் அடங்காது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

குழியை முதலில் பார்ப்போம், அது சுலபம். ஓர் அப்பிளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் கன அளவில் நாலில் ஒரு பங்குக்கு அருகில் காற்று இருப்பதே காரணம். பழத்தைக் கட்டியெழுப்பும் நுண்ணிய கலங்களுக்கு (செல்களுக்கு) இடையிலுள்ள சின்னஞ்சிறு வெளிகளில் அந்தக் காற்று அடைபட்டிருக்கிறது. பச்சைத் துண்டை மாவுக்குள் வைத்துச் சுட்டால், சுற்றியுள்ள மா முதலில் இறுகிக் கூடாகிவிடும். உள்ளே இருக்கும் துண்டு பிறகுதான் வெந்து, காற்றை விட்டுச் சுருங்கும். கூடு நிற்கும், துண்டு இறங்கும், நடுவில் குழி. அப்பிளில் 85 சதவீதம் அளவுக்குத் தண்ணீர். சுருங்கும்போது அது கீழே இறங்கிக் கேக்கை நனைக்கும். ஆக, அப்பிளை முன்கூட்டியே வேகவைத்துக் காற்றையும் மிகைத் தண்ணீரையும் வெளியேற்றிவிட வேண்டும்.

சரி, அப்படி வேகவைத்தால் அடுப்பிலேயே களியாகிவிடுகிறதே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு பழத்துண்டைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கள் செங்கற்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் சாந்தின் பெயர் பெக்டின். பிரெஞ்சு இரசாயனவியலாளர் அன்ரி பிரகோனோ 1825இல் இதற்குப் பெயர் வைத்தார். உறைவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழம் வேகும்போது செங்கல் உடைவதைவிட, சாந்து கரைவதுதான் பெரிய விஷயம்.

இந்தச் சாந்தின் குணங்கள் நம் வீடுகளில் எப்போதோ தெரிந்தவை. பெயர்தான் தெரியாது. அம்மம்மா குழம்பு வைக்கும்போது, கிழங்கு அவியும்வரை புளியை விடவே மாட்டார். முதலே விட்டால் கிழங்கு கல்லாய் நிற்கும் என்பார். கடலை ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவார், சீக்கிரம் மெத்தென்று அவிய. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் எடுக்கும் பருப்பு கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அதற்கு முன்பே கரைந்துவிடுவதைக் கண்டு, இங்கே வந்த புதிதில் ஆச்சரியப்பட்டார். புளி, சோடா, கிணற்றுத் தண்ணீர் மூன்றும் வேறு வேறு கதைகள் போலத் தெரியும். மூன்றுக்குப் பின்னாலும் பெக்டின்தான் நிற்கிறது.

பெக்டின் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு. கலக்டூரோனிக் அமிலம் என்ற மணிகளை வரிசையாகக் கோத்தது போல. பல மணிகளின் தலையில் மெதைல் என்ற சிறு தொப்பி உண்டு. சூடு ஏறும்போது, தொப்பி போட்ட மணிகளின் அருகில்தான் சங்கிலி சுலபமாக அறுகிறது. காரத்தன்மை கூடினால் இன்னும் வேகமாக அறும், அதனால் சோடா போட்ட கடலை குழைகிறது. மிதமான புளிப்பு இருந்தால் அறுவது மந்தமாகும், அதனால் புளி விட்ட கிழங்கு அவிய மறுக்கிறது.

மூன்றாவது, கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் நிறைய. கொழும்புக்கு வருவதோ பெரும்பாலும் களனி ஆற்றுத் தண்ணீர், மென்மையானது. தொப்பி இல்லாத மணிகளுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. தண்ணீரில் கரைந்த கல்சியம், மின்னேற்றம் பெற்ற அணுவாக, அதாவது அயனாக இருக்கும். அதற்கு இரண்டு நேர்மின்னேற்றம். அதனால் ஓர் அயன் இரண்டு சங்கிலிகளை இரு கையாலும் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் வளைந்து வளைந்து கிடப்பதால் இரண்டு அருகருகே வரும்போது நடுவில் குழிகள் உண்டாகும். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்சியம் அமர்ந்துகொள்ளும். இதை விளக்கிய ஆய்வாளர்கள் 1973இல் அதற்கு வைத்த பெயரே முட்டைப் பெட்டி. கடையில் முட்டை வாங்கும்போது தட்டைக் கவனியுங்கள்: இரண்டு அட்டைகளுக்கு நடுவே வரிசையாக முட்டைகள். பெக்டின் அட்டை, கல்சியம் முட்டை. இரசாயனவியல் படிப்பித்த காலத்தில் வகுப்புக்கு ஒரு வெறும் முட்டைத் தட்டைக் கொண்டுபோய்க் காட்டுவேன். பாடம் மறந்தாலும் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு மறக்காது.

அப்படியானால் தொப்பிகளைக் கழற்றிவிட்டால்? இரட்டை லாபம். சங்கிலி அறுபடும் இடங்கள் குறையும். கல்சியம் பிடிக்க இடங்கள் கூடும். தொப்பி கழற்றும் ஆள் அப்பிளுக்குள்ளேயே இருக்கிறார். பெக்டின் மெதைல் எஸ்ரரேஸ் என்ற நொதியம் (என்சைம்). குளிர்ந்த பழத்தில் அது ஏறக்குறைய சும்மா இருக்கும். 50 பாகை செல்சியஸைத் தாண்டும்போது கலமென்சவ்வுகள் தளர்ந்து, உள்ளே இருந்த அயன்கள் வெளியே கசியும், நொதியமும் சுறுசுறுப்பாகும். 60 பாகையை ஒட்டி அது நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடு ஏற ஏறத் தானே சிதைந்துபோகும். அப்பிளை நேராகக் கொதிநீரில் போட்டால் இந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறோம். தொப்பி கழற்ற நேரமே கிடைப்பதில்லை. இளஞ்சூட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு வேகவைத்தால் துண்டு எளிதில் கரையாமல் நிற்கும். முதலில் கொஞ்சம் சூடாக்கினால் பிறகு அதிகச் சூட்டையும் தாங்கும் என்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வெப்பமானி தேவையில்லை. கொழும்பில் குழாய்த் தண்ணீர் எப்போதும் 28, 29 பாகை. ஒரு லீற்றர் கொதிக்கும் தண்ணீரையும் ஒரு லீற்றர் குழாய்த் தண்ணீரையும் தடித்த பாத்திரத்தில் கலந்தால் கணக்குப்படி 64 பாகை வரும். இரண்டு அப்பிள்களின் துண்டுகளைப் போட்டதும் 60க்கு இறங்கும். மூடி, துவாயால் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். குளிர் கூடிய நுவரெலியாவில் செய்பவர்கள் கொதிநீரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

எந்த அப்பிள் என்பதும் முக்கியம். புறக்கோட்டைத் தள்ளுவண்டியில் பளபளவென்று அடுக்கியிருக்கும் சிவப்பு அப்பிள் பார்க்க அழகு, கடித்தால் சில நேரம் மாவாக இருக்கும். தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் தண்ணீர் அப்படியேதான் இருக்கும். நாள்பட்டதால் சாந்து தளர்ந்து, கடிக்கும்போது கலங்கள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகின்றன. உடையாத கலம் சாறு விடாது. சாறு நிறைந்த பழமே வாய்க்கு உலர்ந்ததாகத் தெரியும்! அந்த அப்பிளை எந்த வித்தையாலும் காப்பாற்ற முடியாது. கிரானி ஸ்மித் என்ற பச்சை அப்பிளை வாங்குங்கள்: இறுக்கமும் உண்டு, புளிப்பும் உண்டு.

ஊறவைத்த தண்ணீரில் மணம் கொஞ்சம் போய்விடும், உண்மைதான். அதை ஈடுகட்டத் தோலையும் நடுத்தண்டையும் எறியாமல் ஒரு கோப்பைத் தண்ணீரில் அவித்து வடித்துக்கொள்வேன். விதையை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தச் சாறோடு அரைக் கோப்பைச் சிவப்புச் சீனியும் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் கறுவாத் தூளும் சேர்த்துக் காய்ச்சினால் பாகு கெட்டியாகி வழவழவென்று வரும். சோளமா தேவையில்லை. தோலில் இருக்கும் பெக்டின்தான் இங்கும் வேலை செய்கிறது, ஆனால் வேறு வழியில்: சீனி தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, புளிப்பு மின்னேற்றத்தை அடக்குகிறது, சங்கிலிகள் நேரடியாக ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஜாம் உறைவதும் இப்படித்தான். வடித்த துண்டுகளை இந்தப் பாகில் ஐந்து நிமிடம் பிரட்டி முழுவதும் ஆறவிடுங்கள். தேசிக்காயை இந்தக் கட்டத்துக்கு முன் சேர்க்க வேண்டாம். புளிப்பு அந்த நொதியத்துக்கு ஆகாது.

மற்றது எல்லோருக்கும் தெரிந்ததே. 12 கப் கேக்குக்கு 200 கிராம் கோதுமை மா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 120 கிராம் பட்டர், 150 கிராம் சீனி, இரண்டு முட்டை, அரைக் கோப்பைப் பால். கறுவாவின் மணம் தரும் பொருட்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும், அதனால் வாசனைத் தூள்களைப் பட்டரோடு சேர்த்து அடியுங்கள். பாதி மா, ஒரு கரண்டி அப்பிள், மேலே மீதி மா. 180 பாகையில் 20 முதல் 25 நிமிடம்.

தூவலைப் பற்றி ஒரு வார்த்தை. 60 கிராம் மா, 40 சீனி, 40 பட்டர். பிட்டுக்கு மா குழைப்பது போல விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். பட்டர் மாவைப் பூசிக்கொள்வதால் தண்ணீர் போய்ச் சேராது, மாவின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து பின்னும் குளூட்டன் வலை உருவாகாது, அதனால்தான் மொறுமொறுப்பு. நம் ஊர்ச் சமையலறையின் 30 பாகைச் சூட்டில் பட்டர் கையிலேயே இளகிக் களியாகும். உதிர்த்ததும் உறைபெட்டியில் 15 நிமிடம் வைத்து, ஓவனுக்குள் தள்ளும் நேரம் மட்டும் தூவுங்கள்.

இதை எழுதும்போது ஒரு ஏக்கம் வந்துபோகிறது. இந்தக் கப் கேக்கில் நம் நாட்டையே தாயகமாகக் கொண்டது கறுவாதான். கொழும்பில் கறுவாத்தோட்டம் என்றே ஓர் இடம் இருக்கிறது. இன்று அங்கே கறுவா மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2022இல் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அப்பிளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அது விளையும் நாடுகள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ச்சிக்குச் செலவழித்ததுதான். இங்கிலாந்தின் ஈஸ்ட் மோலிங்கில் பழமரங்களுக்கென்று 1913இலேயே ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். நாமோ ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். கொய்யாவிலும் அம்பரலங்காயிலும் விளாம்பழத்திலும் பெக்டின் நிறைந்து கிடக்கிறது. அவை எந்தச் சூட்டில் இறுகும், எதில் குழையும் என்று நம் பல்கலைக்கழக மாணவர்கள் அளந்து எழுத வேண்டும். அதற்கான பணத்தை வீண்செலவு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டைதான்.

போன கிழமை ஊரிலிருந்து வந்த தம்பியிடம் சொல்லி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இரண்டு போத்தல் கொண்டுவரச் சொன்னேன். ஒரே அப்பிளைச் சம துண்டுகளாக வெட்டி மூன்று பங்காக்கினேன். ஒன்றை நேராகக் கொதிநீரில் போட்டேன். மற்ற இரண்டையும் முதலில் 60 பாகையில், ஒன்றைக் கொழும்புத் தண்ணீரிலும் மற்றதை ஊர்த் தண்ணீரிலும் வைத்தேன். பிறகு மூன்றையும் பத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். முதல் பங்கு கரண்டி பட்டதும் பிரிந்தது. கொழும்புத் தண்ணீர்த் துண்டு விரலால் அழுத்த மெல்ல நசிந்து கொடுத்தது. ஊர்த் தண்ணீரில் ஊறியது கத்தி வெட்டிய விளிம்புகூட மழுங்காமல் அப்படியே இருந்தது. ஒரு போத்தல் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதைக் கொய்யாவுக்கு வைத்திருக்கிறேன்.