இருமுறை பிடிபட்ட கப்பலும் 25 கண்ணிவெடிகளும்

"மாதக்கணக்கில் கடலுக்குள் கிடக்கும் கண்ணிவெடியின் பேட்டரி தீர்ந்துபோகாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தீராது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் போட்ட கண்ணிவெடிகளில், கப்பல் வந்து மோதும்வரை பேட்டரி என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்படி 25 கண்ணிவெடிகளை, அன்று பிரிட்டிஷார் வசமிருந்த ஏடன் துறைமுகத்துக்கு (இன்றைய யேமன்) வெளியே விதைத்த சரக்குக் கப்பலின் கதையும் விசித்திரமானதுதான்.

அது 'குட்டன்ஃபெல்ஸ்' என்ற பெயரில் ஓடிய ஜெர்மன் கப்பல். 1914-இல் போர் மூண்டதும் எகிப்தில் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டனர். பிறகு அது 'டரிடெல்லா' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலாயிற்று. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணிவெடி போட்டுவிட்டு வந்த 'வோல்ஃப்' என்ற ஜெர்மன் தாக்குதல் கப்பல், 27-ஆம் தேதி இதை மடக்கியது. பெயர் 'இல்டிஸ்' என்று மாறியது. ஒரு சிறு பீரங்கியும் 25 கண்ணிவெடிகளும் ஏறின. பிரிட்டிஷ் துறைமுகத்தை நெருங்க பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலைவிடப் பொருத்தமான வேடம் எது? கண்ணிவெடிகளைப் போட்டும் முடித்தது. ஆனால் மார்ச் 5-ஆம் தேதி 'ஓடின்' என்ற சிறு பிரிட்டிஷ் போர்க்கப்பல் மறித்ததும், மாலுமிகளே கப்பலை மூழ்கடித்துவிட்டுச் சரணடைந்தனர். ஜெர்மன் கொடியின் கீழ் மீண்டும் வாழ்ந்தது ஒரு வாரம்தான்.

இனி அந்தக் கண்ணிவெடி. காற்று நிரம்பிய இரும்புக்கூடு மேலெழப் பார்க்கும். கடல் தரையில் கிடக்கும் நங்கூரமும் கம்பிவடமும் அதை நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே இழுத்துப் பிடிக்கும். இது எளிது. அழகெல்லாம் கூட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளில் இருக்கிறது.

கொம்பின் உறை ஈயம். மோதினால் ஒடியாமல் வளையும், அமிலத்தையும் தாங்கும். உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் சல்ஃபூரிக் அமிலம் கலந்த டைகுரோமேட் கரைசல். குப்பிக்குக் கீழே துத்தநாகத் தகடும் கார்பன் தகடும் ஈரமே படாமல் காத்திருக்கும். கப்பல் உரசினால் ஈயம் வளையும், குப்பி நொறுங்கும், கரைசல் தகடுகள்மேல் வழியும். அந்த நொடியில் சுமார் 2 வோல்ட் மின்கலம் பிறக்கிறது. வெறும் அமிலம் மட்டும் இருந்தால் கார்பன்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். டைகுரோமேட் அதற்கு இடம் கொடுக்காது. அதனால் ஓட்டம் வலுவாகப் பாயும். டெட்டனேட்டர் என்ற தூண்டுவெடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சிவந்து வெடிமருந்தைக் கிளப்பும். கப்பலின் சொந்த வேகமே சுவிட்ச்.

அப்படியானால் போடும்போதே வெடிக்காதா? கொம்பு எங்கேனும் இடித்தால் போட்ட கப்பலே சிதறும். அதற்காக மின்சுற்றை எங்காவது திறந்தே வைப்பார்கள். நீரின் அழுத்தம் ஒரு தகட்டை அமுக்கினாலோ, உப்புக்கட்டி போன்ற கரையும் அடைப்பு கரைந்தாலோதான் சுற்று மூடும். அதற்குள் கப்பல் தூரம் போயிருக்க வேண்டும். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் கப்பல் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் நகரும்; நிமிடத்துக்கு ஒன்று தள்ளினால் இடைவெளி 300 மீட்டர். இடைவெளி மிகக் குறைந்தால் ஒன்றின் அதிர்ச்சி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும்.

பழுதாவதும் உண்டு. கொம்பின் இணைப்பில் கடல்நீர் கசிந்தால் உப்புநீரே மெலிந்த மின்பகுளியாகி (மின்னோட்டத்தைக் கடத்தும் கரைசலாகி)த் தகடுகளை அரித்துவிடும்; பிறகு குப்பி உடைந்தாலும் கம்பி சூடேறாது. வடம் துருப்பிடித்து அறுந்தால் கண்ணிவெடி மிதந்து எங்கேயோ போகும். நங்கூரத்திலிருந்து விடுபட்டதுமே அது செயலிழக்க வேண்டும் என்பது 1907 ஹேக் உடன்படிக்கை. வடத்தின் இழுவிசை இருக்கும்வரை மூடியிருந்து, அது போனதும் வில் விரிந்து திறக்கும் சுவிட்ச் அதற்குத்தான். ஆனால் வடத்தை அறுத்த துரு வில்லையும் விட்டுவைக்காது. எனவே கண்ணிவெடி வாரும் கப்பல்கள் வடத்தை வெட்டி மேலெழுப்பியபின், தொலைவில் நின்று துப்பாக்கியால் சுட்டுக் கூட்டைத் துளைத்து மூழ்கடிக்கும்.